இணைப்பு மூன்று

அரசு அச்சகத்தில் அவரைக் கமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக ப்ரூஃப் ரீடர். அரசிதழில் வரும் எந்த வரியும் அவர் கண்ணைத் தாண்டாமல் இயந்திரத்துக்குப் போகாது. ஒரு தடவை ஓய்வூதிய விதி ஒன்றில் காற்புள்ளி இடம் மாறி நின்றதைப் பார்த்துப் பிடித்தார். விட்டிருந்தால் ஆயிரக்கணக்கான விதவைகளுக்கு மாதப் பணம் நின்றிருக்கும். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம்தான் காட்டுவார்கள். "ஊரார் பத்திரிகையைத் திருத்தித் திருத்தியே எனக்கு அந்த ஆசை தீர்ந்துபோச்சு" என்பார். ஐம்பத்திரண்டு வயது. குடும்பம் என்று சொல்லிக்கொள்ளத் தங்கை, தங்கை கணவர், எட்டாவது படிக்கிற அவர்கள் மகள். நகரத்து எல்லையில், பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு அங்கேதான்.

மாப்பிள்ளை முன்பு லாரி ஓட்டியவர். ஐந்து வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கோழிப்பண்ணை ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு ஐயாயிரம் குஞ்சு. ஒரு நாள் வயதுக் குஞ்சாக அட்டைப்பெட்டியில் வரும், ஆறு வாரத்தில் கறிக்குப் போகும். அந்த ஆறு வாரமும் தங்கையும் மாப்பிள்ளையும் முறை வைத்துத்தான் தூங்குவார்கள். குஞ்சுகளுக்குச் சூடு குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. "எனக்குக்கூட இவர் இப்படிப் போர்த்திவிட்டதில்லை" என்று தங்கை சிரிப்பாள்.

அந்த வருஷம் நாட்டில் யார் ஆள்கிறார்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பத்து மாதத்தில் மூன்று நிதியமைச்சர்கள். டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. ஒருவர் வந்து வரியைக் குறைத்தார், அடுத்தவர் வந்து கூட்டினார். மூன்றாமவர் தினம் ஓர் ஆணை போட்டார். அச்சகத்தில் அச்சுக் கோக்கிறவர்கள், "அமைச்சர் பேருக்கு மட்டும் இடம் விட்டு வைங்க, கடைசியில கேட்டுப் போட்டுக்கலாம்" என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

ஆணைகள் சிறப்பு அரசிதழாக வரும். அந்த நாட்களுக்குத் தனி நடைமுறை உண்டு. காலை ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். கைபேசிகளை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கண்காணிப்பாளர் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாப்பாடு வெளியிலிருந்து பொட்டலமாக வரும். மாலைச் செய்தியில் அமைச்சர் அறிவித்த பிறகுதான் யாரும் வெளியே போகலாம். வேலையில் சேரும் நாளன்று ரகசியக் காப்புக்குச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் அந்தக் காகிதத்தை மறந்துவிட்டார்கள். கமா மறக்கவில்லை.

மாதத்தின் பதினேழாம் தேதி, புதன்கிழமை, கதவைப் பூட்டினார்கள்.

ப்ரூஃப் அறையில் இரண்டு பேர். மூலத்தை உரக்கப் படிப்பது அக்காவின் வேலை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த பெண்மணி, அச்சகமே அவரை அக்கா என்றுதான் சொல்லும். அவர் படிக்கப் படிக்க, கமா அச்சுப்படியில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் அக்கா வாய்விட்டுச் சொல்வார்.

பதினோரு மணிக்கு இரண்டாவது பக்கத்துக்கு வந்தார்கள்.

"விலங்குத் தீவனத்துக்கான மக்காச்சோளம், கமா, சோயாப் புண்ணாக்கு, கமா, ஆகியவற்றின் இறக்குமதி இன்று நள்ளிரவு முதல் முற்றிலுமாகத் தடைசெய்யப்படுகிறது, புள்ளி."

அச்சுப்படியில் 'தீவணத்துக்கான' என்று இருந்தது. கமாவின் கை தன்பாட்டுக்கு மூன்று சுழியை அடித்து, ஓரத்தில் இரண்டு சுழி ன-வைப் போட்டது. போட்ட பிறகுதான் வாசகம் மூளைக்கு ஏறியது. அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"என்ன கமா?"

"இன்னிக்கு மூணு மணிக்கு மாப்பிள்ளைக்குக் குஞ்சு இறங்குது அக்கா. ஐயாயிரம்."

ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தீவனம் பத்து நாளைக்கு இருக்கிறது, குஞ்சு இறங்கியதும் அடுத்த லோடு சொல்ல வேண்டும் என்று. இந்த நாட்டில் விளைகிற சோளம் ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. கோழி தின்பதெல்லாம் கப்பலில் வருவது. இது மாப்பிள்ளை சொல்லி அவருக்கே தெரியும்.

அக்கா அடுத்த வரிக்குப் போனார். மீதிப் பக்கங்களைப் படித்து முடித்தார். பன்னிரண்டரைக்குக் கண்காணிப்பாளர் பொட்டலம் வாங்க வாசல் பக்கம் போனார். அவர் மேஜைமேல் அச்சகத்தின் தொலைபேசி இருந்தது. நிதியமைச்சகத்தோடு பேசுவதற்காக அதை மட்டும் துண்டிக்காமல் விட்டிருந்தார்கள்.

"அவர் வர அஞ்சு நிமிஷமாவது ஆகும்" என்றார் அக்கா. "நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். எனக்குக் காதும் இப்பல்லாம் சரியாக் கேக்கறதில்லை."

கமா எழுந்து போனார். ரிசீவர்மேல் கை வைத்தார். தங்கை வீட்டு எண் விரல் நுனியில் இருந்தது. 'குஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க' என்று மூன்று சொல் சொன்னால் போதும். மாப்பிள்ளை குஞ்சு பொரிக்கும் கம்பெனிக்குச் சொல்வார். அவர்கள் அந்த ஐம்பது பெட்டியையும் வேறொரு பண்ணைக்குத் திருப்பி விடுவார்கள். அந்தப் பண்ணைக்காரனுக்கும் ஒரு வீடு இருக்கும். அவனுக்கு இந்த அறையில் மச்சான் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. பயமும் இருந்தது. இருபத்தாறு வருஷம், இன்னும் ஆறு வருஷ சர்வீஸ், ஓய்வூதியம். எது நியாயம், எது பயம் என்று அந்த அஞ்சு நிமிஷத்தில் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார். பொட்டலம் வந்தது. கமா அதைப் பிரிக்கவே இல்லை.

மாலை ஏழு மணிச் செய்தியில் மூன்றாவது நிதியமைச்சர், அந்நியச் செலாவணியைக் காக்க மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

மறுநாளே தீவன விலை இரண்டு மடங்கு. அதற்கடுத்த வாரம் மூன்று மடங்கு. பன்னிரண்டாம் நாள் தீவன ஆலை கேட்டைச் சாத்திவிட்டது. விலை சொல்லக்கூட ஆள் இல்லை. மாப்பிள்ளை அரிசித் தவிடு, நொய், சந்தையில் எறிகிற கீரைத் தண்டு என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து போட்டார். குஞ்சுகள் தின்றன. ஆனால் கால் ஊன்றவில்லை. இருபதாம் நாள் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன. ஒரு கோழியின் வாலில் ரத்தம் தெரிந்தால் போதும், மொத்தக் கூட்டமும் அதன்மேல் விழும். தங்கை கொட்டகைக்குள் போய்ப் பிரித்து விடுவாள். திரும்பி வரும்போது முழங்கை வரை கீறலாக இருக்கும். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடம் படித்தாள்.

விற்கலாம் என்றால் எல்லாப் பண்ணைக்காரர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். அரைக் கிலோகூடத் தேறாத கோழியை வாங்க ஆள் இல்லை. நாற்பது நாள் முடியும் முன் கொட்டகையில் ஒன்றுமில்லை. பின்புறம் மூன்று குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

நடுவில் வந்த ஞாயிறுகளில் கமா போய் மண்வெட்டி பிடித்தார். மூன்றாவது குழி மூடிய அன்று கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை சோப்பை நீட்டியபடி கேட்டாள்.

"அண்ணா, அந்த கெஜட் உங்க ப்ரெஸ்லதானே அடிச்சது?"

"ஆமா."

"நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன்."

"எத்தனை மணிக்குப் படிச்சே?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது இல்லை. அவளிடம் சொல்லிப் பழக்கம் இல்லை. "பதினோரு மணி."

"வண்டி மூணு மணிக்குத்தான் வந்துச்சு" என்றாள். "போன் இல்லையா?"

"இருந்துச்சு."

குழாயை மூடினாள். "நீ கிளம்புண்ணா. பஸ் போயிடும்."

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

பண்ணைக்காரர்கள் அமைச்சகச் சாலையில் ஊர்வலம் போனார்கள். மாப்பிள்ளையும் போனார். முதல் வரிசையில் எல்லாம் இல்லை, நடுவில்தான் நின்றார். கண்ணீர்ப்புகை வெடித்ததும் ஓடினார், விழுந்தார். எழுவதற்கு வலது கையை ஊன்றியபோது மணிக்கட்டின்மேல் தடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் அன்று ஏகப்பட்ட கூட்டம், அவசரத்தில் கட்டிய கட்டு. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அவரால் பிறகு சட்டைப் பொத்தான் போட முடிந்தது, வாளி தூக்க முடியவில்லை.

ஊர்வலத்துக்கு மூன்றாம் வாரம் அரசு கவிழ்ந்தது. புதிய கூட்டணி வந்து முதல் வேலையாகத் தடையை நீக்கியது. அந்த அரசிதழையும் கமாதான் திருத்தினார். கப்பலுக்குக் கொடுக்க நாட்டில் டாலர் இல்லை, அதனால் சோளமும் வரவில்லை. ஆனாலும் மக்கள் கோபத்துக்குப் பதில் சொல்ல ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர் குழு, மூன்றே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. அது அதிசயம். அச்சுக்கு வந்தபோது நூற்று நாற்பது பக்கம், நாலு இணைப்புகள்.

இணைப்பு மூன்றை அக்கா படிக்க ஆரம்பித்தார். சோளம் இறக்குமதி செய்யும் நாலு பெரிய வியாபாரிகளின் பெயர், அவர்களுக்குக் கொடுத்த அனுமதி, தேதி, கப்பல், கிடங்கு. கூடவே ஒரு கூட்டக் குறிப்பு. எட்டாம் தேதி, அமைச்சரின் செயலாளர் அறையில், மேற்படி நால்வரும் கலந்துகொண்டார்கள். வரப்போகும் தடை குறித்து அவர்களுக்கு விளக்கப்பட்டது. ஒன்பதாம் தேதியிலிருந்து பதினாறாம் தேதிக்குள் ஏழு கப்பல் சோளம் இறங்கியிருந்தது. தடைக்குப் பிறகு மூன்று மடங்கு விலைக்கு விற்றது அந்தச் சோளம்தான்.

அக்காவின் குரல் ஒரு இடத்தில் நின்றது. "எட்டாம் தேதி" என்றார் மறுபடியும். இந்தத் தடவை படிக்கவில்லை, அவரிடம் சொன்னார்.

"படிங்க அக்கா."

"கமா..."

"படிங்க. முடிச்சிடலாம்."

ஆறு பக்கம். 'கலந்துகொன்டனர்' என்று ஓரிடத்தில் பிழை. திருத்தினார்.

இரண்டாம் நாள், கூட்டணியிலிருந்து ஒரு கட்சி விலகியது. ஆட்சியைக் காப்பாற்றப் பழைய அமைச்சரின் கட்சி உள்ளே வந்தது. அன்று மதியமே கண்காணிப்பாளர் ப்ரூஃப் அறைக்கு வந்தார். நல்ல மனுஷன், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கமா, இணைப்பு மூணு வேண்டாமாம். நாலை மூணாக்கிடுங்க. உள்ளே எங்கெல்லாம் பேர் வருதோ அங்கெல்லாம் பார்த்து எடுத்துடுங்க."

"எழுத்துல குடுத்தாங்களா சார்?"

"போன்தான். நம்ம வேலை அடிக்கிறது. என்ன அடிக்கிறதுன்னு நம்மளக் கேக்க மாட்டாங்க."

கமா உட்கார்ந்து செய்தார். பதினெட்டு இடத்தில் 'இணைப்பு மூன்று' என்ற சொல் வந்தது, பதினெட்டையும் எடுத்தார். பக்க எண்களை மாற்றினார். படிக்கிறவனுக்கு அங்கே ஒன்று இருந்தது என்ற சந்தேகமே வராதபடி அவ்வளவு சுத்தமாகச் செய்தார். மாலை ஐந்து மணிக்கு, திருத்திய அச்சுப்படியில் இருந்த அந்த ஆறு தாளையும் நாலாக மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொண்டார். அக்கா தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் துடைத்தார்.

வாசலில் காவலாளி, "என்ன கமா சார், வேர்த்துக் கொட்டுது?" என்றான்.

"வயசாகுதுப்பா" என்றார்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். நாலு மாதத்துக்குப் பிறகு. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மாப்பிள்ளை காலிக் கொட்டகையின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை வெளியே வரவில்லை. சமையலறை ஜன்னலில் அவள் நிழல் தெரிந்தது.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தாள்களை இடது கையால் வாங்கினார். "என்ன இது?"

"படிச்சுப் பாருங்க."

மாப்பிள்ளை மெதுவாகப் படிப்பவர். உதடு அசையப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்று, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், மறுபடியும் வந்தார்.

"எட்டாம் தேதியே இவனுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

"பதினேழு. பதினோரு மணி."

மாப்பிள்ளை தாளை மடித்தார். கோபப்படுவார் என்று கமா காத்திருந்தார். அவர் குரல் உயரவே இல்லை. "அப்போ அந்த ரகசியத்தை இந்த நாட்டுல ஒழுங்காக் காப்பாத்துனது நீங்க ஒருத்தர்தான் மச்சான்."

கமாவால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. உட்காரவும் யாரும் சொல்லவில்லை. "உங்க சங்கத்துல குடுங்க" என்றார். "பேப்பர்காரங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட. எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல வேண்டாம்."

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. அசல்தான் என்று காட்டுவதற்காக அவர்கள் அந்தத் தாளையே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில், குறுக்கே வால் நீண்ட ஒரு 'ண்' தெரிந்தது. அச்சகத்தில் அந்த எழுத்து யாருடையது என்று தெரியாதவர் கிடையாது. ஏழு கப்பல் சோளத்தை யார் இறக்கினார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. தாளை யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதுமாக இருந்தது.

கண்காணிப்பாளர் பணிநீக்க உத்தரவைக் கையில் கொடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ஏன் கமா, அந்த ஒரு பிழையைத் திருத்தாம விட்டிருக்கக் கூடாதா?"

"அப்போ எடுக்கணும்னு நினைக்கல சார். நினைச்சிருந்தாலும் கை கேட்டிருக்காது."

விசாரணையில், அறையில் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். அக்காவுக்கு அன்று தலைவலி, சீக்கிரம் போய்விட்டார் என்று கமா சொன்னார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அந்தக் கட்டிடத்துக்குள் அவர் சொன்ன முதல் பொய். அக்காவின் ஓய்வூதியம் பிழைத்தது. அவருடையது போயிற்று. வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்ற வராந்தாவில் போய் நின்றுவிட்டு வந்தார்.

பாராளுமன்றத்தில் இரண்டு நாள் கத்தினார்கள். மேஜையைத் தட்டினார்கள். மூன்றாம் நாள் கூட்டணி வேறு ஏதோ காரணத்துக்காக உடைந்தது. ஐந்தாவது நிதியமைச்சர் வந்தார். நாட்டுக்கு இப்போது தேவை நிலையான ஆட்சி, பழையதைக் கிளறிக்கொண்டிருந்தால் முதலீடு வராது என்றார். அவர் அமைத்த இறக்குமதி ஆலோசனைக் குழுவில் அந்த நாலு வியாபாரிகளில் ஒருவர் உறுப்பினர். மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கமா ஒரு தனியார் அச்சகத்தில் நாள் கூலிக்குத் திருத்தப் போனார். பெரும்பாலும் தேர்தல் துண்டறிக்கைகள். எல்லாக் கட்சியுடையதும் அங்கேதான் அச்சானது.

ஒரு சனிக்கிழமை காலை தங்கை அவர் அறைக்கு வந்தாள். பின்னால் மாப்பிள்ளை. அந்த அறைக்கு அவள் வந்து ஒரு வருஷம் இருக்கும். உட்காருவதற்கு முன் சுற்றிப் பார்த்தாள். அவர் மெலிந்திருப்பதைப் பார்த்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள்.

"இவர் வெளிநாடு போறார். கிடங்கு வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். ஏஜெண்ட் ஆபீஸ்ல எழுதித் தர ஆள் இருக்கு, ஆனா தப்புத் தப்பா எழுதறான். நீ எழுதிக் குடு."

அவர் மேஜையைத் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பெயர், பிறந்த தேதி, முகவரி. மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் சொன்னார். 'முந்தைய தொழில்' என்ற இடத்தில் லாரி ஓட்டுநர் என்று போடச் சொன்னார். பண்ணை பற்றிப் பேச்சு வரவில்லை. ஐந்தாவது வரிசை: உடலில் எலும்பு முறிவோ ஊனமோ உண்டா?

பேனா நின்றது. மாப்பிள்ளை வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார்.

"இல்லைன்னு எழுது" என்றாள் தங்கை.

"டாக்டர் பார்ப்பாங்களே."

"முழுக்கைச் சட்டை போட்டுப் போவார். அந்த டாக்டர் ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பார்க்கறாராம், மூஞ்சியக்கூட நிமிர்ந்து பார்க்கறதில்லையாம். நீ எழுதுண்ணா."

"அங்க போய் மூட்டை தூக்கச் சொன்னா?"

"தூக்குவேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இடது கையில பழகிட்டு இருக்கேன். எழுதுங்க."

கமா 'இல்லை' என்று எழுதினார். மை காயும்வரை மூவரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் போனார். வழியனுப்ப விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு. அவரைப் போல அன்று ஒரே விமானத்தில் நூறு பேர் போனார்கள். எல்லோர் கையிலும் ஒரே நிற ஏஜென்சிப் பை. மகள் அப்பாவின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதம் கழித்து மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். திருப்பி அனுப்பவில்லை. துடைக்கிற வேலைக்கு மாற்றி, சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். மாப்பிள்ளை அதைத் தங்கையிடம் சொல்லவில்லை, கமாவிடம்தான் சொன்னார். "அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்றும் சொன்னார். கமா சொல்லவில்லை.

தங்கை இப்போது எப்போதாவது போன் பண்ணுகிறாள். பள்ளிக்கூட விண்ணப்பம், மின்சார அலுவலகத்துக்கு ஒரு கடிதம், இப்படி ஏதாவது காகித விஷயம். அவர் பஸ் பிடித்துப் போய் எழுதிக் கொடுக்கிறார். சாப்பிட்டுப் போ என்கிறாள். சாப்பிடுகிறார். கொட்டகையை ஒரு பழைய பேப்பர் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். கதவு திறந்திருக்கும்போது உள்ளே கூரை வரை அடுக்கிய மூட்டைகள் தெரியும்.